தீப்பந்தக் கணக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசைப் பாத்திர ஆட்டங்களில், நிலவறைக்குள் இறங்கிய குழுவின் வெளிச்சத்தையும் நேரத்தையும் எண்ணிக்கொண்டே வரும் முறை தீப்பந்தக் கணக்கு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் பதிப்பின் விதிகளிலேயே இதன் வேர் உண்டு. நிலவறையில் அச்சமூட்டுபவர்கள் அரக்கர்கள் என்றே புதிதாக ஆட வருபவர் நினைப்பார். சில மணி நேரம் ஆடினால், பயத்தில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருவது தெரியும்.

டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டு பேசிக் பதிப்பில் நேரம் பத்து நிமிட ‘டர்ன்’களாக நகர்கிறது. தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். லாந்தருக்கு ஒரு குடுவை எண்ணெய் 24 டர்ன் வரும். ரகசியக் கதவைத் தேடினால் ஒரு டர்ன் போய்விடும். ஆறில் ஒரு டர்ன் ஓய்வுக்கு. இரண்டு டர்னுக்கு ஒருமுறை, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார்; 1 விழுந்தால் அலைந்து திரியும் அரக்கர் எதிர்ப்படுவர். ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று உருட்டல். ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு ஏறக்குறைய 42 விழுக்காடு.

இந்தச் சந்திப்பில் வென்றாலும் பெரிய லாபமில்லை. அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலுக்குத்தான், ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி வீதம். அலைபவர்களிடமோ காசு சொற்பம். அதனால்தான் ‘இன்னொரு அறை பார்ப்போமா, திரும்பிவிடுவோமா’ என்று மேசையில் வாக்குவாதம் மூள்கிறது. புதையல் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. சுமையற்றவர் ஒரு டர்னில் 120 அடி நடப்பார். உலோகக் கவசத்தோடு புதையலையும் சுமப்பவர் 30 அடிதான். அதே வழியைக் கடக்கச் சுமையற்றவரைவிட நான்கு மடங்கு பந்தம், நான்கு மடங்கு உருட்டல். கச்சிதமான கண்ணி இது!

கைகாக்ஸ் 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கு எழுதி 1978இல் அச்சான ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் நிலவறைச் சாகசம் வேறு வகை. அங்கே பொறிகளே எதிரி. சுவரில் செதுக்கிய பச்சைப் பிசாசு முகத்தின் இருண்ட வாய்க்குள் நுழைந்தவர் மிச்சமின்றி அழிவார். புகழ்பெற்ற கல்லறைதான்; ஆனால் முன்குறிப்பின்றி வரும் சாவு பதற்றத்தைவிட எரிச்சலையே கிளப்பும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒளிமந்திரம் தெரிந்தவர் அதை எத்தனை முறையும் ஏவலாம். இருட்டின் கெடுபிடி அதோடு தளர்ந்தது. கெல்ஸி டியோன் 2023இல் வெளியிட்ட ‘ஷேடோடார்க்’ ஆட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதில் பந்தம் எரிவது கடிகாரத்தின் உண்மையான ஒரு மணி நேரம். கதையடித்துக்கொண்டு நொறுக்குத்தீனி கொறிக்கும் நேரமும் அதில் சேர்த்தி.