முதியோர் எழுப்பிய குரல்

1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் முதியோர்க்கென ‘மெடிக்கெயர்’ என்னும் அரசாங்க மருத்துவக் காப்புறுதியை நிறுவின. ஆயினும், நோயாளர் தாமே செலுத்தவேண்டிய பங்கிற்கு அதில் எல்லை வகுக்கப்படவில்லை. அக்குறையை நீக்கவும், மருந்துச் செலவுக்கு உதவவும் 1988 யூலை 1ஆம் நாள் சனாதிபதி றேகன் புதிய சட்டமொன்றிற் கையொப்பமிட்டார். 1958இல், இளைப்பாறிய பாடசாலை அதிபரான எதெல் பேர்சி அன்றூஸ் அம்மையார் தொடக்கிய இளைப்பாறியோர் சங்கம் அதனை ஆதரித்தது.

ஆனால், செலவு முழுவதும் முதியோர் தலையிலேயே விழுந்தது. வருமானம் மிக்கோர் 1989இல் ஆளுக்கு 800 டொலர் வரை மேலதிக வரி செலுத்தவேண்டியிருந்தது. அவர்களுட் பலர் முன்னைய தொழில் வாயிலாக அத்தகைய காப்புறுதியை ஏற்கெனவே பெற்றிருந்தனர். எல்லோரும் அஞ்சிய நெடுங்காலப் பராமரிப்பு இல்லச் செலவோ சட்டத்தில் அடங்கவில்லை. வரிக்கு உட்படாதோரும் அது தம்மையும் சாருமெனக் கருதி வெகுண்டனர். ஆதரித்த சங்கத்தை அதன் அங்கத்தவர்களே கடிந்தனர். வேறு முதியோர் அமைப்புகள் எதிர்ப்பைத் திரட்டின.

1989 ஓகஸ்ட் 17ஆம் நாள் சிக்காகோவில், காங்கிரஸ் பிரதிநிதி டான் றொஸ்தென்கவ்ஸ்கியின் காரை முதியோர் மறித்தனர்; அவர் இறங்கி ஓட நேர்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

வேறு காப்புறுதியற்ற வறிய முதியோரின் குரல் அவ்வாரவாரத்தில் அமிழ்ந்தது. மருந்துச் செலவுக்கான உதவி மெடிக்கெயரில் நடைமுறைக்கு வந்தது 2006ஆம் ஆண்டிலேயே. சங்கத்தின் தலைமை இசைந்தமை அங்கத்தவர் இசைந்தமை ஆகாது. உரத்த குரல் எல்லோர் குரலும் ஆகாது.