தெரியும் ஆயுதம், மறையும் ஆயுதம்: தென் திருவிதாங்கூர் எல்லையிலிருந்து சில குறிப்புகள்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழம்பலாவின் அடிமரம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபு. அந்தக் கதையில் மறைந்தது ஆள். துரத்தியவர்களின் ஆயுதம் வெளிப்படையாகவே இருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் வாளும் வேலும் உடையின் பகுதி. ஒருவர் யார், எவருடைய ஆள் என்பதை அவர் ஏந்திய ஆயுதம் ஊருக்குச் சொன்னது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் இந்நிலை தலைகீழானது. ஆள் வெளிப்படையாக நடந்து வர, ஆயுதம் உடைக்குள் மறைந்தது. இம்மாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். ஆயுதத்தை யார் வெளியே அணியலாம், யார் ஒளித்தே கொண்டுசெல்ல நேர்ந்தது என்பது ஆட்சியுரிமையின் வரலாறு. ஒளிக்கும் முறையை ஒருவர் எப்படித் தேர்ந்தார் என்பதும் ஒரு வரலாற்றுச் சான்றே.

தொடக்கம் ஆயுதக் களைவு. பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென் மாவட்டங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1809 இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி வீழ்ந்தது. ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையும், டிலனாயின் காலத்தில் பீரங்கிகள் வார்க்கப்பட்ட உதயகிரிக் கோட்டையும் கம்பெனிப் படையின் கைக்குப் போயின. திருவிதாங்கூரின் நாயர் படையில் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. பின்னர் லிட்டன் காலத்து 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை என்றது; அரசு ஊழியர் அறியாதபடி மறைவாக அதைச் செய்தால் 20 ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. ஆயுதத்தைவிட அதன் மறைவையே அரசு கூடுதலாக அஞ்சியது என்பதற்கு இவ்விரு எண்களே போதும்.

எதிர்ப்பக்கத்தில் ஆட்சியாளரின் ஆயுதம் மேலும் மேலும் வெளித்தெரிந்தது. 1858 இல் இந்தியப் போர்க்களத்தில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற அதிகாரி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக இடுப்புக் கச்சையோடு தோளின் குறுக்கே ஒரு வாரையும் சேர்த்தார். அவர் பெயரால் வழங்கும் அந்தக் கச்சை பிரிட்டிஷ் படை முழுவதும் பரவியது. அதிகாரியின் ரிவால்வர் தோலுறையில் அதன்மேல் தொங்கியது. அவர் சுட வேண்டிய தேவையே எழாமல் இருக்கலாம். உறை கண்ணில் பட்டாலே அதன் வேலை முடிந்துவிடும்.

அந்தப் பெரிய ரிவால்வரின் அளவும் அந்தப் பயனுக்கு ஒத்தது. 1915 இல் பிரிட்டிஷ் படை ஏற்ற வெப்ளி ஆறாம் வகையை எடுத்துக்கொள்ளலாம்: 6 அங்குலக் குழல், மொத்தம் 11 அங்குலத்தை ஒட்டிய நீளம், ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடை. ஆறு தோட்டாக்களைத் தாங்கும் சுழலுருளை இரு பக்கமும் புடைத்து நிற்கும். அதிகாரியின் இடுப்பில் அந்தப் புடைப்பு ஒரு கௌரவம். உரிமமில்லாதவரின் இடுப்பிலோ அதுவே சாட்சி. வேட்டியோ முண்டோ உடுத்தியவர் வெற்றிலையையும் காசையும் மடியில் முடிந்துகொள்ளலாம். ஒரு கிலோ இரும்பு அங்கே நிற்காது, மேல்துண்டு அதை மூடவும் மூடாது.

இந்தச் சிக்கலுக்குத் தொழில்நுட்பம் தந்த விடை பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து எஃப்.என். ஆலை செய்த 1900 ஆம் ஆண்டு பிஸ்டலில் சுழலுருளை இல்லை. தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடுக்கப்பட்டன. தட்டையான உடல், ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், 625 கிராம் எடை. பைக்குள் அடங்கும் இவ்வகைப் பிஸ்டல்கள் அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் அரசியல் கொலைகளின் கருவியாயின. 1914 இல் சரயேவோவில் சுடப்பட்டதும் பிரவுனிங்கின் வடிவமைப்பே. 1909 இல் லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங்குகளை அனுப்பினார். சதுர்புஜ் அமீன் அவற்றைப் பெட்டியின் பொய்யடித்தட்டுக்குள் ஒளித்துப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஜாக்சனைக் கொன்றது.

பெரிய துப்பாக்கியே கிடைத்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குக் கல்கத்தா ஓர் எடுத்துக்காட்டு. 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் களவுபோயின. மரத்தாலான அதன் உறையையே பின்னால் பொருத்தினால் தோளில் வைத்துச் சுடும் சிறு ரைஃபிளாகிவிடும், அத்தனை பெரிது. அடுத்த சில ஆண்டுகளில் 54 கொள்ளை, கொலை நிகழ்வுகளில் இந்தப் பிஸ்டல்கள் பயன்பட்டதாக 1918 ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கை கணக்கிட்டது. அளவில் பெரிய ஆயுதத்தை ஒருவர் சட்டைக்குள் ஒளிப்பது அரிது. ஒரு வலைப்பின்னல் அதை வீடுவீடாகக் கைமாற்றி ஒளித்துவிடும்.

தெற்கில் இதே வினாவுக்கு வேறொரு விடை கிடைத்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். நேர்த்தியாக உடுத்திய, குடுமி வைத்த இளைஞர் ஒருவர் பெட்டியில் ஏறி, பெல்ஜியப் பிரவுனிங்கை எடுத்துச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிவறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் வாஞ்சிநாதன். செங்கோட்டைக்காரர், புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்.

இவ்வூர்ப் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செங்கோட்டையும் புனலூரும் அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதிகள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மணியாச்சி பிரிட்டிஷ் மண். மூன்று சட்டங்கள், மூன்று காவல்துறைகள். ஒன்றின் ஒற்றன் மற்றொன்றின் எல்லைக்குள் வெறும் பயணி. 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட கை புதுச்சேரிக்குள் நேரடியாக எட்டவில்லை. ஆகவே சட்டைப்பைக்கும் முன்பாக அந்தப் பிஸ்டலை ஒளித்தது எல்லைக்கோடு.

இரண்டாவது மறைப்பு அவருடைய தோற்றம். குடுமி வைத்த, நன்றாக உடுத்திய அரசு ஊழியர் ஒருவர் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்குவது அந்த நடைமேடையில் யாருக்கும் விபரீதமாகப் படவில்லை. அதே 1911 இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. மடியில் எதுவுமே இல்லாவிட்டாலும் பிறப்பாலேயே ஐயத்துக்குரியவர்கள் எனச் சில சமூகங்களை அரசு பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. ஐயம் சாதிவாரியாகப் பங்கிடப்பட்ட நாட்டில், துப்பாக்கியை ஒளிக்கும் வசதியும் சாதிவாரியாகவே அமைந்தது. வாஞ்சியின் துணிவைப் போற்றும் எழுத்துகளும், அவர் பையில் கிடைத்த கடிதத்தின் சனாதன மொழியைச் சாடும் எழுத்துகளும் ஏராளம். இரண்டுமே இந்த எளிய உண்மையைப் பெரும்பாலும் கடந்துபோகின்றன. அவர் உடைமைகளில் துப்பாக்கி கடைசிக் கணம்வரை மறைந்திருக்க வேண்டியது. கடிதம், கண்டெடுக்கப்படுவதற்காகவே வைக்கப்பட்டது. முன்னதை எவரும் தேடவில்லை என்பதால்தான் பின்னது வரலாற்றுக்குக் கிடைத்தது.

வங்கத்தின் பிந்தைய நிகழ்வுகள் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 1930 டிசம்பர் 8 அன்று பினய், பாதல், தினேஷ் மூவரும் ஐரோப்பிய உடையில் ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டனர். 1931 டிசம்பர் 14 அன்று கோமில்லாவில் மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸின் இல்லத்துக்கு விண்ணப்பத்தோடு வந்த சாந்தி கோஷும் சுனிதி சௌத்ரியும் பள்ளி மாணவியர். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்ட பீனா தாஸ், பட்டம் பெற வந்த மாணவி. துரையின் கோட்டு, மாணவியின் விண்ணப்பம், பட்டதாரியின் அங்கி ஆகிய மூன்றும் ஆட்சி மதித்த அடையாளங்கள். எதை ஆட்சி நம்பியதோ அதற்குள்ளேயே ஆயுதம் ஒளிந்தது.

திருவிதாங்கூருக்குத் திரும்பினால், ஆயுதம் யார் கையில் வெளிப்படையாக இருந்தது என்ற வினா இன்னும் கூர்மையாகிறது. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில், ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் ஒருவர் கைது செய்யப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது அரசுப் படை சுட்டது. மாண்டவர்களுள் ஒருவரை அவ்வூர் இன்றும் வீரராகவன் என்றே நினைவுகூர்கிறது. 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்து இசைவிழா ஒன்றில் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரை வெட்டிய கே.சி.எஸ். மணி மறைத்துக் கொண்டுசென்றது துப்பாக்கியன்று, வெட்டரிவாள். சுதந்திரத் திருவிதாங்கூர் என்னும் திட்டம் அடுத்த சில நாள்களில் கைவிடப்பட்டது.

பின்னர் நெய்யாற்றின்கரை தாலுகா வேறொரு வழக்கின் பொருளாயிற்று. அதையும் தமிழ்ப் பகுதிகளோடு சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலத்தார்மீது காவல்துறை சுட்டது. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை; 1938 இல் திவான் ஆட்சியின் துப்பாக்கிக்கு எதிரே நின்ற ஸ்டேட் காங்கிரஸின் தலைவர் அவரே. அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அவரைப் பதவி விலகச் சொன்னார், அவர் விலகவில்லை. ஆட்சி மாறியது, ஆயுதத்தை வெளியே ஏந்தும் உரிமை அதே இடத்தில் நின்றது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஒரே அரசின் இரு தாலுகாக்களுக்கு இடையிலான கோடு மாநில எல்லையானது. பாறசாலை கேரளத்தின் கடைசி ஊர்களுள் ஒன்று. அடுத்துள்ள களியக்காவிளை தமிழ்நாட்டின் முதல் ஊர். அங்கே சோதனைச்சாவடி வந்தது. வண்டியின் அடியில் அரிசி மூட்டையா, கள்ளச் சாராயமா, வேறெதுவுமா என்று பார்ப்பதே சாவடியின் தொழில். மறைவை வாசிக்க அரசு கட்டிய கூடம் அது. 2020 ஜனவரி 8 இரவு அச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி, பல நாள் கழித்து எர்ணாகுளம் பேருந்து நிலையத்தருகே ஒரு கால்வாயிலிருந்து மீட்கப்பட்டது.

வில்சன் கொலையை மணியாச்சியோடு சமப்படுத்த முடியாது. நோக்கம் வேறு, காலம் வேறு, கொல்லப்பட்டவரின் நிலையும் வேறு. ஓர் ஆட்சியரின் சாவுக்கும், இரவுப்பணியில் நின்ற ஒரு காவலரின் சாவுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஆனால் ஆயுதத்தின் பயணம் இரண்டிலும் ஒரே வகையான தடத்தைக் காட்டுகிறது: எல்லையைக் கடந்தது, சாதாரண மக்கள் கூட்டத்தில் கரைந்தது, பேருந்திலோ ரயிலிலோ எல்லாரோடும் சேர்ந்து பயணம் செய்தது.

அரசியல் வன்முறையை ஆராய்வோர் வழக்கமாக யார் சுட்டார், ஏன் சுட்டார் என்று கேட்கின்றனர். அந்தக் கணத்துக்கு முன்னால் ஆயுதம் எந்த உடையில், எந்தச் சாதியின் தோற்றத்தில், எந்தெந்தக் காவல் எல்லைகளைத் தாண்டி அவர் கைக்கு வந்தது என்பதையும் கேட்க வேண்டும். வழக்கு ஆவணங்களிலும் சாட்சியங்களிலும் உடைபற்றிய வரிகள் சிதறிக் கிடக்கின்றன. அலங்காரமென்று அவற்றைத் தாண்டிச் செல்பவரே மிகுதி. ஒரு சமூகம் யாரை நம்பியது, யாரைத் தேடாமலே விட்டது, யாரைத் தேடிக்கொண்டே இருந்தது என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் பதிவாகியுள்ளன.