தீர்த்தமலைப் பகுதியின் நில அளவையும் தலப்படங்களும்

தீர்த்தமலை, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள ஊர். தீர்த்தகிரீசுவரர் கோயில் அமைந்த மலைக்கும் இதுவே பெயர். காடும் குன்றும் மேய்ச்சல் நிலமும் கலந்த இப்பகுதி பழைய பாரமகாலைச் சேர்ந்தது. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்தது. ஆட்சியராக வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமசு மன்றோவும் வரி விதிப்பதற்காக நிலங்களை அளந்தனர். வயலை அளந்தால் வரி தெரியும். மலை எங்கே நிற்கிறது, கணவாய் எங்கே திறக்கிறது என்பது தெரியாது. அந்த வரைபட வேலையை 1790-களில் ஜான் மாதர் செய்தார். இவர் பின்னர் காலின் மெக்கன்சியின் மைசூர் அளவையிலும் பணியாற்றினார்.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 7.5 மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம் என்ற பள்ளிக்கூடக் கணக்கே இதன் அடிப்படை. ஆகவே சங்கிலியை இழுத்துக்கொண்டு மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. உச்சியிலிருந்து உச்சியைத் தியோடலைட்டு வழியே பார்த்தால் போதும். சமவெளியில் கோயில் கோபுரங்களைத் தேட வேண்டியிருந்த லாம்டனுக்குக் குன்றுகள் நிறைந்த நாட்டில் அந்தத் தொல்லை இல்லை.

இன்று தீர்த்தமலை, இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசையில் 57 எல்/12 எண்ணுள்ள தலப்படத்தில் வரும். அளவுத்திட்டம் 1:50,000, 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் மாடு ஏறக்கூடிய சரிவு.

காப்புக் காட்டின் எல்லையும் இத்தகைய படங்களில் உண்டு. அது வெறும் கோடு அன்று. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டப்படி, ஓரிடத்தைக் காப்புக் காடாக அறிவிக்கும் முன் வழி, மேய்ச்சல், நீர் உரிமை கோருவோருக்குக் குறைந்தது மூன்று மாதத் தவணை தரப்பட்டது. அதற்குள் கோராதவரின் உரிமை பொதுவாக அற்றுப்போகும். எழுத்தறியாத மாடு மேய்ப்பவருக்கு அந்தத் தவணை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மாட்டுப்பட்டி, நிலைத்த பொருள்களைக் காட்டும் படத்தில் அடங்குவதும் இல்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. அதன் விதிகள் அரசு வரைபடங்களைச் சான்றாகக் கொள்வதோடு, கோரிக்கையாளர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் ஏற்கின்றன. படத்தில் ஏறாத பட்டியையும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய மடுவையும் அதன்வழியே பதிவு செய்யலாம்.