தெலுங்கு நாட்டில் ஒரு தமிழ் ஆயர்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைக் குறிக்கும். அம்மலையைச் சூழ்ந்த புத்தூர், திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் வாழும் நாம், வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக நாட்களை நடத்தி வருகின்றோம். மாறுதல் ஆணையோடு வந்தோர் நம்மில் சிலர். வணிகம் நாடி வந்தோர் சிலர். வேற்று மொழியினர் நடுவே பணிபுரிவது அரிது. அவர்களுக்குத் தலைவராக நின்று அவர்தம் அன்பையும் பெறுவது அதனினும் அரிது. அவ்வரிய செயலைத் தெலுங்கு நாட்டில் செய்து காட்டிய தமிழர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எண்ணிப் பார்த்தல் தகும். அவர் கிறித்தவ ஆயர். ஆயினும், அவர் வாழ்வு தரும் பாடம் எச்சமயத்தார்க்கும் பொதுவானது.

சீர்திருத்தக் கிறித்தவச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர், கடலூரில் பிறந்த ஆரோன் என்னும் தமிழர். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் அவர் அப்பட்டம் பெற்றார். ஆனால், ஆங்கிலத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆவதற்கு 1912ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே கழிந்தவை 179 ஆண்டுகள். போதிக்கும் பொறுப்பை இந்தியர் கையில் கொடுத்தவர்கள், ஆளும் பொறுப்பைக் கொடுக்க அத்துணைக் காலம் தயங்கினர் என்பதை இவ்விடைவெளியே உணர்த்தும்.

அவ்வாறு பேராயரானவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் போதகர். கோயிலுள் நுழையும் உரிமை அக்காலத்தில் மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தின் வழிவந்த குடும்பம் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றும் அவர் பட்டம் பெறவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை வரதட்சணை பெறாமல் மணந்தார். அக்காலத்தில் அது வழக்கத்தை எதிர்த்த செயலாகும்.

1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் பணத்திலேயே வேற்றிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. இதன் அருமையை நாம் உணர்தல் வேண்டும். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தில் வாழும் போதகர், எத்துணை நல்லவராயினும், மக்கள் கண்ணுக்கு வெள்ளையரின் பணியாளராகவே தோன்றுவார். தம் மக்கள் ஈந்த காசில் வாழும்போதுதான் அவர் சொல் அவருடைய சொல்லாகும். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இதற்குத் துணை நின்றது. பின்னாளில் கொடையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார்.

அச்சங்கம் தேர்ந்த பணிக்களம், நிஜாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவில் உள்ளது. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருத்தல் தகுமோ என்னும் எண்ணம் அசரியாவை விடவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் சேர்ந்தார். அப்போது அவர் வயது முப்பத்தைந்து. அகில இந்தியப் புகழ் பெற்றிருந்த அவர், அங்கே தெலுங்கு கற்கும் மாணவராக அமர்ந்தார். ஒரு மக்களுக்குத் தலைவராக வருபவர் முதலில் அவர்களிடம் மாணவராக இருத்தல் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்ட இயலும்?

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வெளிநாட்டு ஊழியரின் தியாகத்தைப் போற்றிப் பேசிய அசரியா, இந்திய ஊழியரைச் சமமான நண்பராகக் கொள்ளும் உள்ளம் மட்டும் குறைவுபடுகிறது என்பதையும் அவையறிய எடுத்துரைத்தார். பேச்சு பலரைச் சுட்டது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் அளிக்கப்பெற்றது. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் உறுதுணையாக நின்றார். எனினும், இந்தியரின் கீழ்ப் பணிபுரிவதா என்று முணுமுணுத்த ஐரோப்பியரும் இருந்தனர்.

மற்றொரு சோதனை மந்தைக்குள்ளேயே இருந்தது. சபையில் சேர்ந்தோருட் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட இரு வகுப்பினர். ஒடுக்கப்பட்டோராயினும் தமக்குள் வேற்றுமை பாராட்டி வந்தனர். அவர்களை ஒரே ஆலயத்தில், ஒரே பந்தியில் அமரச் செய்தல் எளிதன்று. ஊர் ஊராகச் சென்று மரநிழலில் அமர்ந்து, திரும்பத் திரும்பக் கற்பித்தார். அன்பம்மையார் பெண்களிடையே அப்பணியை ஏற்றார். 1941ஆம் ஆண்டளவில் அவர் மண்டலத்துக் கிறித்தவர் தொகை 2 லட்சத்தைக் கடந்தது.

அவ்வளர்ச்சியே புதிய சிக்கலைக் கொணர்ந்தது. மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930களில் கருத்து வேறுபாடு முற்றியது. ஆயினும், கிறித்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. சமயத்தால் பிரிந்தாலும் நாட்டால் பிரியோம் என்பது அவர் நிலை. தேசியத் தலைவர்க்கும் முழுதும் உகந்தவராகாமல், ஆட்சியாளர்க்கும் முழுதும் உகந்தவராகாமல் நடுவில் நின்றார். தலைமையின் தனிமை இதுவே எனலாம்.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 சனவரி 6ஆம் நாள் அர்ப்பணம் செய்யப்பெற்றது. கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களும் மசூதியை ஒத்த குவிமாடமும் ஒன்றுகூடிய கட்டடம் அது. தாம் வந்து சேர்ந்த மண்ணின் சாயலிலேயே அவர் ஆலயம் கட்டினார். தம் ஊரின் சாயலில் அன்று. 1945 சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார். அவர் உழைத்த சபை ஒற்றுமை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற்றதைக் காண அவர் இல்லை.

தமிழை மறந்தாலன்றித் தெலுங்கரோடு ஒன்ற இயலாது என்பாரும், தெலுங்கை ஒதுக்கினாலன்றித் தமிழைக் காக்க இயலாது என்பாரும் நம்மிடையே உளர். இருவர்க்கும் அசரியாவின் வாழ்வு விடை கூறும். திருநெல்வேலியார் ஈந்த காசும் தோர்ணக்கல் மக்களின் மொழியும் அவரிடம் ஒன்றுகூடின. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழைப் பிழையறக் கற்கட்டும். அண்டை வீட்டாரின் தெலுங்கையும் அதே அன்போடு கற்கட்டும். வந்த ஊரை நம் ஊராக்குவது அதுவே.