மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகளும் அவற்றின் புகைக்குழாயும்

யாழ்ப்பாண வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானிய மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடக் காண்கிறோம். அவை இவ்வளவு காலம் நின்று பிடித்தமைக்கு இரும்பின் தடிப்பே காரணமென்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. அவ்வண்டிகளில், எரிந்த புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாயும், எரிபொருட் கலவையை உள்ளே கொண்டுசெல்லும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மெக்கானிக்குகள் மனிபோல்ட் என்று வழங்கும் அவ்வுறுப்பே நம் நாட்டு வரலாற்றின் ஒரு கடினமான காலத்தில் பெரிதும் கைகொடுத்தது. அதில் மயிரிழை அளவு கசிவு உண்டானாலும் விளையும் கேடு சிறிதன்று.

புகையின் வெப்பத்தினால் எரிபொருளை ஆவியாக்கும் முறை மிகப் பழையது. இங்கிலாந்திலே ஹல் நகரத்துப் பிறீஸ்ற்மன் சகோதரர்கள் 1880களில் அமைத்த மண்ணெண்ணெய் எஞ்சின் அம்முறையைக் கையாண்டது. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரமும் அவ்வாறே மண்ணெண்ணெயில் ஓடியது. முதலிற் பெற்றோலைக் கொண்டு முடுக்கி, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் உழவர் வழக்கம். இவ்வழக்கம் பல ஆண்டுகளின் பின் வேறொரு தேவை பற்றி நம்மிடையே மீண்டும் தோன்றும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகப் பெற்றோலின் தேவையும் பெருகிற்று. எண்ணெய் ஆலைகள் எளிதில் ஆவியாகாத கனமான பகுதிகளையும் அதனோடு சேர்க்கத் தொடங்கின. குளிர்நாடுகளில் அப்பெற்றோல் குழாய்ச் சுவரிலே துளித்துளியாகப் படிந்தது. இதற்குப் பரிகாரமாகவே உட்செல்லும் குழாயைப் புகைக்குழாயின் மீது இருத்தினர். அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் ஒன்றிணைந்தபின், ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அவ்வண்டிக்குப் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினின் தலையில் ஒரே வரிசையில் ஐந்து வாய்கள் உண்டு. இரண்டு உள்ளிழுப்பன, மூன்று புகை விடுவன. ஐந்தையும் ஒரே காஸ்கெற் மூடுகிறது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் அக்கட்டுப்பாடுகள் தளரும்வரை, இருந்த வண்டிகளையே நம் மெக்கானிக்குகள் பழுதுபார்த்துப் பேணினர். பின்னர் 1990 ஜூனில் வடக்கிலே போர் மீண்டும் மூண்டது. பெற்றோல் அங்கு செல்வது தடைப்பட்டது. அப்பொழுதுதான் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு வீதிக்கு வந்தன. போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு முடுக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். கிடைத்த மண்ணெண்ணெயும் மலிவானதன்று.

இது எங்ஙனம் இயன்றது? மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 150 முதல் 300 பாகை சென்ரிகிரேட் வரை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை நல்க உதவியது புகைக்குழாயின் அயல். மேலும், பழைய எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அழுத்துவன. ஆகவே மண்ணெண்ணெய் இடித்துத் தட்டுவது தாங்கும் அளவினதாய் இருந்தது. பத்திலொன்றாக அழுத்தும் புதிய எஞ்சின் அதனைப் பொறுக்காது. வெப்பம் போதாவிடின் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்.

எமது கிராமத்தில் அந்நாளிற் பிரசவத்துக்குப் பெண்களை ஆசுபத்திரிக்கு ஏற்றிச்சென்றது ஒரு மொறிஸ் மைனர் வாடகை வண்டி. 1993இல் அதில் ஒரு 'டிக், டிக்' ஓசை எழுந்தது. பயணஞ்செய்தோர் சிலர் தலை வலிக்கிறதென்றனர். மண்ணெண்ணெய் மணந்தான் காரணமென்று எண்ணினோம். சிறிது கைவேலை அறிந்தவன் என்னும் செருக்கினால், ஓசை ரப்பெற்றிலிருந்து வருகிறதென்று முடிவுசெய்து, அவற்றை மும்முறை நெருக்கினேன். ஓசை அடங்கவில்லை. முடிவில் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து, பொனற்றைத் திறந்து சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, இது ரப்பெற் இல்லை, மூச்சு வெளியாலை போகுது" என்றார்.

அவர் அதனை உறுதிசெய்த முறை இன்றும் பின்பற்றத்தக்கது. கசிவைத் தேடுவோர் எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போதே தொடங்குதல் வேண்டும். குளிரிலே இடைவெளி அகன்றிருக்கும். சூடேறும்போது இரும்பு விரிந்து அதனை மூடிவிடும். ஆகவே விடியற்காலையில் உரக்க ஒலித்து, சிறிது தூரம் ஓடியபின் தணியும் ஓசை பெரும்பாலும் கசிவினதே. ரப்பெற் ஓசை அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அடுத்து, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி நிலத்தொடுப்புச் செய்துவிட்டு மீண்டும் முடுக்கினார். அந்தச் சிலிண்டர் எரியாதபோது 'டிக்' ஓசையும் மெலிந்தது. பின்னர் இறப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை மூட்டின் ஓரமாக நகர்த்தினார். நடுவாயின் கீழ்ப்புறத்தில் அது சீறியது. அங்கே கைவிளக்கின் ஒளியில் கரிய கோடொன்று தெரிந்தது. கரி படிந்த அக்கோட்டைக் கண்ட பின்னர் வேறு சான்று எதற்கு?

புகை எஞ்சின் அறையிலிருந்து தரைத்தட்டின் துவாரங்கள் வழியாக உள்ளே புகுந்தமையால் வந்ததே அந்தத் தலைவலி. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலே ஒட்சிசனின் இடத்தைப் பற்றிக்கொள்வது. கருவுற்ற பெண்ணுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் அது எவ்வளவு தீங்கானது என்பதை அவர் கூறியபோது, மூன்று வாரம் ரப்பெற்றை நெருக்கிக்கொண்டிருந்த எனக்குப் பேச நா எழவில்லை.

பழுதுபார்த்தலில் முக்காற் பங்கு பொறுமையே. நட்டுகளைத் திடீரெனத் திருகினால் துருப்பிடித்த ஸ்ரட்டுகள் முறிந்துவிடும். முதல்நாள் மாலையே அவற்றின் மீது மண்ணெண்ணெய் சொட்டுச்சொட்டாக விட்டு வைத்தார். அந்நாளில் அதுவும் கணக்கோடுதான். மறுநாள் நட்டுகளைச் சிறிது கழற்றியும், இறுக்கம் கண்டால் மீண்டும் உள்ளே திருப்பியும், முன்பின்னாக அசைத்தே எடுத்தார். குழாயைக் கழற்றி, அதன் முகத்தின் மீது நேர்கோலை வைத்து ஒளிக்கு எதிரே பிடித்தபோது நடுவிலே காகிதம் நுழையத்தக்க இடைவெளி காணப்பட்டது. பல்லாண்டு வெப்பத்தினால் முகம் வளைந்திருந்தது. தடித்த கண்ணாடித் தகட்டின் மீது எமரித் தாளை விரித்து, அதன்மேல் அக்குழாயை அரைநாள் தேய்த்தார். வெடிப்பு உண்டோவெனத் தட்டிப் பார்த்தார். வெடித்த வார்ப்பிரும்பு மணிபோல ஒலிக்காது.

புதிய காஸ்கெற் கிடைக்கவில்லை. லொறியொன்றின் கழிக்கப்பட்ட செம்பு அஸ்பெஸ்டஸ் காஸ்கெற்றிலிருந்து அளவாக வெட்டிக்கொண்டார். இன்று அப்படிச் செய்தலாகாது. பழைய காஸ்கெற்றைச் சுரண்ட நேர்ந்தாலும், அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலுக்கு நஞ்சாதலால், நன்றாக நனைத்தே சுரண்டவேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்கினார். ஏறத்தாழ 15 அடி இறாத்தல் இறுக்கமே போதும். அதற்கு மிஞ்சினால் வார்ப்பிரும்பின் காதுகள் உடைந்துபோகும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, முற்றாக ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். அதற்குப் பின் காபரேற்றரின் அடியிலும் உள்ளிழுக்கும் வாய்களின் ஓரத்திலும் சிறிது எண்ணெய் தடவினார். அவ்விடத்தில் காற்றுக் கசிந்து உள்ளே புகுந்தால், எண்ணெய் பட்டவுடன் எஞ்சினின் ஓட்டம் மாறும். அது மாறவில்லை.

மறுநாட் காலை குளிர்ந்த எஞ்சினை முடுக்கியபோது 'டிக்' ஓசை இல்லை. ஆயினும் எஞ்சின் இசைவாக ஓடவில்லை. அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி இருக்கவேண்டிய ரப்பெற்றுகளில் மூன்று, என் கைவண்ணத்தினால், இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடந்தன. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் இடைவெளி அளக்கும் தகட்டை என் கையிற் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்றார்.