கல்லில் ஒரு பெயர், செக்ரோலில் பல பெயர்

பாசில் ஹோர்ஸ்ஃபால் 1887இல் கொழும்பில் பிறந்தவர். 1918 மார்ச் 27, பிரான்ஸ் போர்க்களம். தலையில் காயம், அவருடைய கம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளும் செத்துப்போனார்கள். சிகிச்சைக்குப் போகாமல் நின்று, இழந்த இடத்தை மீட்டார். பின்வாங்கச் சொன்னதும் கடைசி ஆளாகக் கிளம்பினார், வழியிலேயே கொல்லப்பட்டார். விக்டோரியா சிலுவை கிடைத்தது. அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயரும் இருக்கு.

அந்த வீரத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனா டிக்கோயாவிலிருந்து பார்த்தா இன்னொன்றும் தெரியுது. 1914இல் தோட்டத்துரைமாரின் படையும் கொழும்பில் கப்பலேறியது. அதில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். துரை போனாலும் பெரட்டு நிற்கவில்லை. கொழுந்து பறித்த நம்ம பாட்டிமாரின் பெயர் செக்ரோலோடு சரி. 1948இல் அவர்களின் சந்ததியில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமைகூட மிஞ்சவில்லை.

கல்லில் ஏறாத அந்தப் பெயர்களை நாமதான் தேடி எழுதணும்.