போட்லந்துச் சாடி

இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் கண்ணாடிச் சாடியொன்று உளது. உயரம் 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கருநீல உடல்; அதன்மேல் வெண்ணிற மாந்தரும் மரங்களும். கிறித்து பிறந்த காலத்தையொட்டி உரோமர் ஆக்கிய இது, பின்னாளில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த கோமகனின் பட்டப் பெயரால் போட்லந்துச் சாடி எனப்படும்.

அவ்வெண்ணுருவங்கள் தீட்டப்பட்டவை அல்ல, ஒட்டப்பட்டவையும் அல்ல. குழலால் ஊதிய நீலக் கண்ணாடிக் குமிழை உருகிய வெண்கண்ணாடியில் தோய்த்து, மேலும் ஊதினர் என்பது அறிஞர் பலரின் கொள்கை. இருவகைக் கண்ணாடியும் ஆறும்போது ஒத்த அளவிற் சுருங்குதல் வேண்டும். பிசகின் கலம் வெடித்துவிடும். ஆறியபின் மணி செதுக்கும் சிற்பி வெண்படையைச் சிறிது சிறிதாக நீக்குவான். படை மெலிந்த இடத்தில் நீலம் ஊடுருவி நிழலெனத் தோன்றும். தூரிகை பிடிப்பவனும் நாணும் நயம் அது! வெச்வுட் என்னும் ஆங்கிலக் குயவர் இதனை மட்பாண்டத்திற் படியெடுக்க ஏறத்தாழ 4 ஆண்டுகள் உழைத்தார்.

1845 பெப்ரவரி 7ஆம் நாள், குடித்திருந்த இளைஞனொருவன் அருகிருந்த சிற்பக் கல்லை வீசி அதனை நொறுக்கினான். 5 பவுணுக்கு மேற்பட்ட பொருளை உடைத்தவனைத் தண்டிக்க அவன்மீது சாட்டிய சட்டத்தில் இடமில்லையாம்! ஆதலின் சாடியை மூடியிருந்த கண்ணாடிப் பேழைக்கு மட்டும் 3 பவுண் தண்டம். கோமகன் வழக்காட மறுத்தமை பெருந்தன்மையே.

துண்டுகள் 200க்கு மேல். அவற்றைப் பொருத்தியபின்னும் 37 சில்லுகள் இடமறியாது எஞ்சின. 1948இலும் 1988இலும் சாடி மீண்டும் பிரித்துப் பொருத்தப்பட்டது; இறுதி முறையில் அச்சில்லுகளுள் பெரும்பாலானவை தத்தம் இடஞ் சேர்ந்தன.